படத்தை எடுத்துவிடு

பாலிகுடா, ஒடிசா
12 ஆகஸ்ட் 2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான பியூலா அக்காவுக்கு,

தம்பி மெர்வின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். முழங்கால் மட்டும் மலை ஏறும்போது முரண்டு பிடிக்கிறது. உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை அத்தான் இருந்த காலத்தைப் போல ஏமாற்றுகிறாயா?

போனில் உன்னோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. குன்றின் மேல் ஏறி நின்றால்தான் இங்கே டவர். நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். காய்ச்சலா என்று கேட்டாலும் சரிப்பா, மழை உண்டா என்று கேட்டாலும் சரிப்பா. அதனால் பழையபடி கடிதமே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முக்கியமான சேதி. வருகிற மே மாதத்தோடு எனக்கு மிஷன் ஊழியத்தில் ஓய்வு. குடியிருக்கும் வீட்டைப் புதிதாக வருகிறவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கல்யாணம், குடும்பம் ஒன்றும் வேண்டாமென்று இந்த மலைக்கு வந்தவன், இப்போது எங்கே போவேன்? உன்னிடம்தான். பாளையங்கோட்டையில் நீயும் தனி, இங்கே நானும் தனி. இருக்கிற காலத்தைச் சேர்ந்தே கழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

இங்கே ஒரு வேலை செய்து முடித்தேன். எனக்கு முன்னால் இருந்த ஊழியர் வீட்டுக்கு வீடு இயேசு படம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜனங்கள் அதற்கு மஞ்சள் பூசுகிறார்கள், ஊதுபத்தி காட்டுகிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள். சுக்ரி என்று ஒரு விதவை, படத்தை நெல் குதிர் இருக்கும் பக்கம் பார்த்தபடி திருப்பி வைத்திருக்கிறாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தால் நெல் குறையாதாம்! சொரூபம் கூடாது என்ற இரண்டாம் கட்டளையை எடுத்துச் சொல்லி, எல்லாப் படங்களையும் வாங்கிக் கட்டி வைத்துவிட்டேன்.

இதைச் செய்த கையோடு உனக்கும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. அத்தான் கொண்டுவந்த இயேசுவின் திருஇருதயப் படம் இன்னும் கூடத்தில்தான் இருக்கும். நான் வருவதற்கு முன் அந்தப் படத்தை எடுத்துவிடு. மற்றபடி விசேஷம் இல்லை.

உன் அன்புத் தம்பி,
மெர்வின்


பாளையங்கோட்டை
2 செப்டம்பர் 2024

என் ஆசைத் தம்பி மெர்வினுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்கக் கர்த்தர் துணை. சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்.

நீ வருகிறாய் என்று படித்ததும் அழுதுவிட்டேன், மறைப்பானேன். இதைக் கேட்க வேறு வேண்டுமா உனக்கு? தெற்கு அறையைக் காலி பண்ணி வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். உனக்கு மேற்குக் காற்று பிடிக்கும், ஜன்னல் அந்தப் பக்கம்தான். இப்போதெல்லாம் குக்கர் வைப்பதில்லை, சோற்றைப் பானையிலேயே வடிக்கிறேன். உனக்கும் வடித்த சோறுதான், இப்போதே சொல்லிவிட்டேன்.

போனைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், டவர் சரியில்லை. கடிதமே நல்லது. உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்தால் நீ எதிரில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

நீ சொன்னபடி படத்தை எடுத்துவிட்டேன். நான் எங்கே எடுக்க, பக்கத்து வீட்டு அஸ்ஃபியாதான் தன் போனில் எடுத்தாள். மேலப்பாளையத்துப் பெண், புருஷன் துபாயில், கையில் ஒரு பிள்ளை. என்னைப் பெரியம்மா என்பாள். "எங்க வீட்ல படமே மாட்ட மாட்டோம் பெரியம்மா, உங்களுக்காவத்தான் எடுக்கேன்" என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள். ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி பளபளக்கிறது, அதில் நானும் பூதம் மாதிரி விழுந்திருக்கிறேன். பொறுத்துக்கொள். உனக்கும் அந்தப் படத்தின் மேல் ஆசை வந்ததே, உன் அத்தான் இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா பியூலா


பாலிகுடா
30 செப்டம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். வேப்பெண்ணெய் தேய்க்கிறேன். நாற்றம் தாங்காமல் பூனைகூட ஓடிவிட்டது.

எடுத்துவிடு என்றால் கழற்றிவிடு என்று அர்த்தம். தமிழ் தெரியாதவளா நீ? முதலில் சிரித்தேன். பிறகு, தெரிந்தேதான் செய்தாயோ என்று யோசித்தேன். உன்னை எனக்குத் தெரியாதா!

சிரிப்பை விட்டுவிட்டுக் கொஞ்சம் கேள் அக்கா. அவருடைய முகம் யாருக்குத் தெரியும்? எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் ஊர்க்காரன் ஒருவனுக்குத் தாடி வைத்து, மஞ்சள் முடி வைத்து, நெஞ்சைத் திறந்து காட்டி வரைந்துவிட்டான். அதன் முன்னால் நாம் கை கூப்பினால் அந்த ஆளைத்தான் கும்பிடுகிறோம். அத்தான் நல்ல மனுஷர். பிறந்த கத்தோலிக்கச் சபையை விட்டு உனக்காக நம் கோயிலுக்கு வந்தவர். அவர் ஞாபகம் வேண்டுமானால் அவர் போட்டோவை மாட்டிக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன். நீ பார்ப்பது அத்தானையா, ஆண்டவரையா என்று உனக்கே தெரியுமா?

விசுவாசம் காது வழியாகத்தான் வரும் என்று சின்ன வயதிலிருந்து படித்தவர்கள் நாம். கண்ணால் வருவது பழக்கம்தான். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறாய், பிரசங்கம் கேட்கிறாய், அது போதாதா? இங்கே ஏழை ஜனங்கள் கையிலிருந்து படத்தை வாங்கிவிட்டு, அங்கே வந்து நான் அதன் கீழே முழங்கால் போட்டால் என்னை என்னவென்று சொல்வது? படமா, நானா என்று கேட்க எனக்கு நா வரவில்லை. வேறு எப்படிக் கேட்பதென்றும் தெரியவில்லை. யோசித்து எழுது.

மெர்வின்


பாளையங்கோட்டை
20 நவம்பர் 2024

தம்பிக்கு,

அக்காவின் அன்பு. சுகமாக இருக்கிறாயா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஒன்றும் இல்லை, சும்மாதான்.

இங்கே நல்ல மழை. காலையில் ஜன்னலைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, ராத்திரி முழுக்கப் பெய்திருக்கிறது என்று. வாசலில் கணுக்கால் தண்ணீர். தாமிரபரணியில் வெள்ளம் வருமென்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்களாம். அஸ்ஃபியா வந்து கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். வெள்ளம் நம் தெருவுக்கு வரவில்லை, பயப்படாதே.

உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. புதுக் கொசுவலை வாங்கி வைத்திருக்கிறேன். பூனைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று நீ எழுதவே இல்லையே.

அக்கா


பாலிகுடா
9 டிசம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

வரப்போகும் கிறிஸ்துமஸ் உனக்குச் சமாதானத்தைக் கொண்டுவரட்டும். உடம்பு எப்படி? நான் நலம். பூனைக்குப் பெயர் இல்லை.

மழையை எழுதினாய், கொசுவலையை எழுதினாய். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. முந்தாநாள் குன்றில் ஏறிப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், அதற்கும் எடுக்கவில்லை. இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று இறங்கிவிட்டேன். தம்பி பெயரைப் பார்த்தும் எடுக்கவில்லையே என்று வழியெல்லாம் மனசு என்னவோ செய்தது.

சபை நன்றாக நடக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் சின்னதாக ஒரு விருந்து வைக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ் வரும், வீட்டு வாசலில் பாடுவார்கள், உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. இங்கே பாட நான் ஒருவன்தான், என் குரல்தான் உனக்குத் தெரியுமே.

மெர்வின்


பாளையங்கோட்டை
6 ஜனவரி 2025

என் தம்பி மெர்வினுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய், நானும் சர்க்கரையைச் சொல்லி ஒப்பேற்றுகிறேன். இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காது கேட்கவில்லை மெர்வின். உன் அத்தான் போன பிறகு வந்த காய்ச்சலில் வலது காது மந்தமானது. போன வருஷம் இடது காதும் போய்விட்டது. மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தேன். பாத்திரம் உருளுகிற மாதிரி ஒரு இரைச்சல், அதற்குள் பேச்சே இல்லை. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார், இனி வராது என்று. டவர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீ கத்துவது ஒன்றும் விழாது, நானாகச் சரிப்பா என்பேன். நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. அது மட்டும் இல்லை. சொன்னால் நீ போன் போடுவதை விட்டுவிடுவாய் என்று பயம். போன் கையில் அதிரும்போது உன் பெயர் வருமே, அதைப் பார்க்க வேண்டும் எனக்கு. நீ போன் போட்ட அன்றைக்கு அது கட்டிலில் கிடந்தது, நான் அடுப்படியில் நின்றேன்.

கேரல் ரவுண்ட்ஸ் எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்றாய். இந்த வருஷமும் வந்தார்கள். நான் அச்சு முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டு, நல்ல சேலை கட்டி, கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட் பூட்டிக் கிடந்திருக்கிறது. வாசலில் நின்று பாடி, மணி அடித்து, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆள் இல்லையென்று போய்விட்டார்கள். நான் உள்ளே அவர்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். காலையில் அஸ்ஃபியா போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினாள்: "நேத்து உங்க வீட்டு முன்னால நல்லாப் பாடுனாங்க பெரியம்மா, நீங்க ஏன் கதவத் தெறக்கல?" அவள் பிள்ளை அந்த முறுக்கைத் தின்று தீர்த்தது.

கோயிலில் எல்லாரும் எழுந்தால் எழுகிறேன், உட்கார்ந்தால் உட்காருகிறேன். பிரசங்க மேடையில் ஐயர் வாய் அசைகிறது, பாடற்குழு வாய் அசைகிறது. சிரிக்கிறார்கள் என்றால் நானும் சிரித்து வைக்கிறேன். என்னிடம் பேச வருகிறவர்கள்கூட இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துத்தான் "அக்கா எப்படி இருக்காக" என்கிறார்கள் போல. பஸ் ஸ்டாப்பில் காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகள் கையாலே பேசி விழுந்து விழுந்து சிரிக்கிறதுகள். எனக்கு அந்தப் பாஷையும் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் கூடத்துச் சுவரில் அவர். உலகத்தில் எல்லாரும் என்னைப் பார்த்து வாயை அசைக்கிறார்கள் மெர்வின். அவர் ஒருவர்தான் வாயை அசைக்காமல் இருக்கிறார். எந்த மூலையில் நின்றாலும் என்னைப் பார்க்கிற மாதிரி வரைந்திருக்கிறான் அந்த வெள்ளைக்காரன், நன்றாக இருக்கட்டும் அவன்.

பார்ப்பது அத்தானையா ஆண்டவரையா என்று கேட்டாய். சில நாள் அவரை, சில நாள் இவரை. கல்யாணமான மறுநாள் இந்தப் படத்தைக் காட்டி உன் அத்தான் சொன்னது இன்னும் எனக்குக் கேட்கிறது: "ஏட்டி, நான் உங்க கோயிலுக்கே வாரேன். இவரு மட்டும் அங்கன இருந்துட்டுப் போறாரு." அந்த ஒன்றைத்தான் அவர் கேட்டார்.

விசுவாசம் காது வழியாக வரும் என்று எழுதினாய். அந்த வழி எனக்கு அடைபட்டுவிட்டது. நான் என்ன செய்யட்டும்? படித்தவன் நீ, சொல்லு.

அக்கா பியூலா


பாலிகுடா
25 மார்ச் 2025

அன்பான அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று எழுதக் கை கூசுகிறது. உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். இத்தனை வருஷம் பிரசங்கம் பண்ணியவன், சொந்த அக்காவுக்கு ஒரு வரி எழுத வார்த்தை இல்லாமல் இருக்கிறேன்.

சென்னையில் புது மாதிரி மெஷின் இருக்கிறதாம், விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நானும் ஒன்றை மறைத்தேன். சபை நன்றாக நடக்கவில்லை. படங்களை வாங்கிக் கட்டிய பிறகு ஜனங்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சமைத்த சோறு மீந்தது. சுக்ரி கோயிலுக்குள் வருவதில்லை, எதிரில் புளியமரத்தடியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் போய்க் கேட்டேன். "உள்ளே என்ன இருக்கிறது? நீங்கதான் இருக்கிறீங்க" என்றாள் அவள் பாஷையில். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

ஆனாலும் அக்கா, எனக்குச் சரியென்று பட்டதை நான் விட முடியாது. உன்னைக் கழற்றச் சொல்லி இனி எழுதமாட்டேன். அதன் கீழே முழங்கால் போடவும் என்னால் ஆகாது. அதனால் நம் தெருப் பக்கமே எனக்கு ஒரு அறை வாடகைக்குப் பார்த்து வை. தினமும் வந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். இதுதான் இரண்டு பேருக்கும் நல்லது என்று படுகிறது.

மெர்வின்


பாளையங்கோட்டை
14 ஏப்ரல் 2025

தம்பி மெர்வினுக்கு,

அக்காவின் வாழ்த்து. நேற்று குருத்தோலை ஞாயிறு. ஓலையைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்தேன். முன்னால் போகிறவர்கள் கையை உயர்த்தும்போது நானும் உயர்த்தினேன். பாட்டு கேட்காவிட்டாலும் ஓலை வாசனை வந்தது.

வாடகைக்கு அறை பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கழற்றிவிட்டேன். இந்தத் தடவை நீ சொன்ன அர்த்தத்தில்தான். ஸ்டூலை அஸ்ஃபியா பிடித்துக்கொண்டாள். "மாமா வாராகன்னு இதக் கழத்துறீங்களா? எங்க வீட்லதான் இருக்கக்கூடாது, உங்க வீட்ல இது இல்லாம சொவரு பொக்குன்னு இருக்கே" என்று அடித்துக் காட்டினாள். உன் அத்தான் வேட்டியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். குப்புற வைக்க மனசு வரவில்லை, மல்லாக்கத்தான் வைத்திருக்கிறேன். இருந்த இடத்தில் சுவர் வெளேர் என்று இருக்கிறது.

எனக்கு உன் மேல் வருத்தம் இல்லையென்று எழுதினால் பொய். நிறைய இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நான் சாப்பிட்டேனா என்று படம் கேட்காது. நீ கேட்பாய். எனக்குக் கேட்காவிட்டாலும் நீ கேட்பாய். பக்கத்துத் தெருவில் தம்பியை வாடகைக்கு வைத்துவிட்டு, இங்கே நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவரே என்னை ஏசுவார்.

நம் வீட்டுக்கே வா.

அக்கா


பாலிகுடா
12 மே 2025

அன்பான அக்காவுக்கு,

நலமா? உன் கடிதத்தைப் படித்தேன். சந்தோஷப்பட வேண்டியவன். முடியவில்லை.

மாத முடிவில் வந்துவிடுவேன். ஒரு பெட்டி, ஒரு கோணிப்பை, அவ்வளவுதான் என் சொத்து. பூனையைச் சுக்ரி எடுத்துக்கொண்டாள். நான் கட்டி வைத்த படங்களைப் பற்றி நேரில் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, நானே ஆட்டோ பிடித்து வருகிறேன். கேட்டை மட்டும் பூட்டாதே.

மெர்வின்


சாப்பாட்டு மேஜை, நம் வீடு
22 ஜூன் 2025, ஞாயிறு

அன்பான அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால் தலை தேவையில்லை. நீ அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருக்கிறாய், நான் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. "உப்பு குறைவு", "பால்காரர் வந்தார்" என்று தினமும் சீட்டு எழுதிக் காட்டுகிறேன். இந்த விஷயத்துக்குச் சீட்டு போதாது.

முதலில் உன் சுகம். நீ சுகமாக இல்லை. நான் வந்த பிறகும் நீ தனியாகத்தான் இருக்கிறாய். கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் வைக்கிறேன். நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கிறேன், நீ எதிரில் உட்கார்ந்திருக்கிறாய். முந்தாநாள் நடுவில் இருமல் வந்து கண்ணைத் திறந்தேன். நீ கை கூப்பி, என் தலைக்கு மேலே அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஜெபத்தை நிறுத்தியதுகூட உனக்குத் தெரியவில்லை. அப்படியே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீயாக "ஆமென்" என்று சொல்லி எழுந்து போனாய்.

நேற்று அஸ்ஃபியா கேட்டில் நின்று சொன்னாள்: "மாமா, நீங்க ஜெபம் பண்ணுறது எங்க வீடு வரைக்கும் நல்லாக் கேக்குது. பெரியம்மாவுக்குத்தான் கேக்கல." குத்திக் காட்டச் சொன்னவள் இல்லை. எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது.

இரண்டு விஷயம் உன்னிடம் சொல்லவில்லை. கிளம்புகிற அன்றைக்குக் கட்டைப் பிரித்து, சுக்ரியின் படத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். மற்றவற்றையும் அவள்தான் வீடு வீடாகக் கொண்டுபோனாள். தன்னுடையதை மறுபடி நெல் குதிர் பக்கம் பார்த்தே வைத்தாள்.

அடுத்தது, நீ அனுப்பிய போட்டோ. வந்த அன்றைக்கே கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். படத்துக் கண்ணாடியில் நீ விழுந்திருக்கிறாய். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு. அத்தான் அடக்கத்துக்குப் பிறகு உன்னை நான் பார்க்கவே இல்லை, இப்படி வயசாகிவிட்டதா என்று இருந்தது. அவரைக் கிழித்தால் உன்னையும் கிழிக்க வேண்டும். வேதாகமத்துக்குள் வைத்தேன். அந்த மலையில் எனக்கு யார் இருந்தார்கள் அக்கா? தினமும் எடுத்துப் பார்த்தேன். யாரைப் பார்த்தாய் என்றால் உன்னை என்றுதான் சொல்வேன். ஆனால் உன்னைப் பார்க்க வேண்டுமானால் அவரையும் பார்த்தாக வேண்டியிருந்தது. உன்னிடம் அத்தானா ஆண்டவரா என்று கேட்டவனுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

என் கருத்து மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். படம் கூடாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறவன், என் கண்ணுக்கு எந்தப் படமும் தெரியப்போவதில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தால்தான் உனக்கு ஜெபம். அதை நான் சுவரோடு சேர்த்து வெள்ளையடித்துவிட்டேன்.

படத்தை அலமாரியிலிருந்து எடு. மாட்டிவிடலாம். அந்த ஆணி இன்னும் சுவரில் அப்படியே இருக்கிறது. வந்த அன்றைக்கே பார்த்தேன், ஏன் பிடுங்கவில்லை என்று கேட்கவில்லை.

உன் தம்பி,
மெர்வின்


அதே தாளின் பின்பக்கம்

தம்பிக்கு,

எண்ணெய்க் கை, காகிதம் ஒட்டுகிறது, பொறுத்துக்கொள். உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். ஒரு ஈடு வடை கருகிவிட்டது, அது உன் பங்கு.

ஆணியைக் கேட்டிருக்கிறாய். படத்தை எடு என்று எழுதினாய், கழற்று என்று எழுதினாய். ஆணியைப் பிடுங்கச் சொல்லி நீ எழுதவே இல்லையே.

ஜெபத்துக்கு இனியும் படத்தின் கீழேயே உட்கார். உனக்கு அது முதுகுப் பக்கம், தொந்தரவில்லை. எனக்கு நீயும் அவரும் ஒரே பார்வையில் கிடைப்பீர்கள். நீ வாயை அசைத்துக்கொண்டிரு, அவர் சும்மா இருக்கட்டும்.

வேட்டியோடு எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். பைய மாட்டு. ஸ்டூல் ஆடும், உன் முழங்கால் ஆகாது. பிடித்துக்கொள்ள அஸ்ஃபியாவைக் கூப்பிடு. நீ கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கும்.

அக்கா